நேற்றைய எண்

பெயர்: தாமோதரன். வயது: 51. ஊர்: கோயம்புத்தூர்.
வேலை: குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிற கம்பெனியில் மென்பொருள் எழுதுவது.
வேலையில் டென்ஷன் உண்டா: இல்லை.

ஜூன் 3, செவ்வாய்
138/88

ஒரு மாதம் தினமும் காலையில், காபிக்கு முன்பு பிரஷர் அளந்து நோட்டில் எழுதி, ஜூலை மூன்றாம் தேதி நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். ரேணுகா அன்றைக்கே மிஷின் வாங்கிவிட்டாள். பாங்கில் கொடுத்த தேதி போடாத டைரி ஒன்றையும் மேஜையில் வைத்துவிட்டாள். எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் மொட்டையாக இருக்கிறது. கூட நாலு வரி எழுதினால் டாக்டர் ஒன்றும் அபராதம் போடமாட்டார்.

ஆபீசில் விசேஷம் இல்லை. தும்பிக்கு வெளியாள் ஒருவர் ஒரு பேட்ச் அனுப்பியிருக்கிறார். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, புதன்
136/86

தும்பி என்றால் என்ன என்று டாக்டர் கேட்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். எங்கள் இன்குபேட்டருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதை ஆட்டி வைக்கிற அடிப்படை நிரலுக்கு நாங்கள் வைத்த பெயர் தும்பி. ஒன்பது வருடங்களுக்கு முன்பு நாலு பேர் சேர்ந்து எழுதினோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டோம். இன்று பால் குளிரூட்டியிலும் தண்ணீர் மீட்டரிலும்கூட அது ஓடுகிறது. எடுத்துக்கொள்கிறவர்கள் திருத்தம் சொல்லலாம். அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் பேட்ச். நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் படித்துப் பார்த்து, தன் பெயரைப் போட்டால்தான் பேட்ச் உள்ளே போகும். பஸ் டிரைவர் பகுதிக்குப் பொறுப்பாளர் நான்.

இந்த பஸ் காந்திபுரத்திலிருந்து புறப்படுவதல்ல. இரண்டே இரண்டு கம்பிகள்; அவற்றில் வருவதைப் படித்துச் சொல்கிற நிரல்தான் டிரைவர். வெப்பநிலை பார்க்கிற சில்லு, ஈரப்பதம் பார்க்கிற சில்லு எல்லாம் அந்தக் கம்பிகளில்தான் தொங்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம். கல்யாண மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாதே, அதுபோல ஒரு சில்லு கம்பியைப் பிடித்துக்கொண்டால் அத்தனையும் நின்றுவிடும்.

பேட்ச் அனுப்பியவர் பெயர் ஜெபசீலி. தெற்கே கடலோர ஊர் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியில் கருவிகள் பராமரிப்பு. கூடவே நாலு வரிக் கடிதம்: "மூன்றாம் நம்பர் இன்குபேட்டரில் திரை நாற்பது நிமிடம் 36.5 என்றே காட்டியது. சிஸ்டர் கை வைத்துப் பார்த்தபோது குழந்தையின் உடம்பு கொதித்தது. வெளியே எடுத்துவிட்டார்கள். குழந்தை நலம். கம்பி மாட்டிக்கொண்டால் டிரைவர் 'தெரியவில்லை' என்று சொல்லாமல், கடைசியாகப் படித்த எண்ணையே திரும்பத் திரும்பத் தருகிறது. ஹீட்டர் அதை நம்பி எரிந்துகொண்டே இருக்கிறது."

அவருடைய திருத்தம்: கம்பி மாட்டிக்கொண்டால் முதலில் ஒன்பது துடிப்பு கொடுத்து சில்லை உசுப்பிப் பார்க்க வேண்டும். அப்படியும் விடாவிட்டால் டிரைவர் பழைய எண்ணைத் தராமல் பிழை என்று சொல்ல வேண்டும். திரையில் எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு விழும்.

மொத்தம் நாற்பத்தேழு வரி. சுத்தமான வேலை. ஆனால் எங்கள் விதிப்படி ஸ்பேஸ் பட்டனால் இடைவெளி விட வேண்டிய இடங்களில் டேப் பட்டனைத் தட்டியிருக்கிறார். திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 5, வியாழன்
141/90

மதியத்துக்குள் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. டேப் எல்லாம் போய்விட்டது. இந்தத் தடவை தலைப்பு வரி நீளம். குறிப்புகள் முழு வாக்கியமாக முடியவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதி அனுப்பினேன்.

பழைய எண்ணையே திருப்பித் தருகிற அந்த மூன்று வரிகள் ஆறு வருடம் பழையவை. யாரோ ஏதோ அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 7, சனி
140/88

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக் கொடுத்தேன். உப்பை நான் தொடக்கூடாதாம். நறுக்குவதற்கு மட்டும் ஆள் வேண்டும்.

ஜூன் 9, திங்கள்
146/92

மூன்றாம் பதிப்பு. குறை சொல்ல இடமே இல்லாமல் அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வரும்.

சாப்பாட்டு நேரத்தில் எம்.டி. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பஸ்ஸுக்கு ஏதோ பேட்ச் வந்திருக்குதாமா?"

"ஆமாங்க. பாத்துட்டிருக்கேன்."

"முப்பதாந் தேதி அறுபது இன்குபேட்டர் பெட்டி போகோணும் தாமு. இந்த நேரத்துல புதுசா எதையும் உள்ள உட்றாதீங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன காரணம் என்று இந்த நோட்டில் எழுத வேண்டிய அவசியமில்லை.

பேட்சை மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னேன். பெரிய பேட்சைப் பிரிப்பது நல்ல பழக்கம்தான். நாற்பத்தேழு வரி பெரிதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
149/94

ஜெபசீலி போனிலேயே கூப்பிட்டுவிட்டார். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிற சர்வீஸ் நம்பருக்கு அடித்து, அங்கிருந்து என்னைப் பிடித்திருக்கிறார்.

"சார், ஜெபசீலி பேசுதேன். பேட்ச் அனுப்பினேன்லா."

"சொல்லுங்க."

"மூணா பிரிச்சு இப்பந்தான் அனுப்பிருக்கேன். இன்னும் எவ்வளவு நாளாகும்னு கேக்கலாம்னுதான்."

"அதுக்கு ஒரு நடைமுறை இருக்குதுங்க."

"இருக்கட்டும் சார். இங்க ஆறு பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பேப்பர் ஒட்டி வச்சிருக்கேன், நம்பரை நம்பாதீங்க, பிள்ளையத் தொட்டுப் பாருங்கன்னு. ஒரு ஷிஃப்டுக்கு ஒரே சிஸ்டர்தான். பத்து நிமிஷத்துக்கொருக்க ஆறு பிள்ளையையும் தொட்டுப் பாக்காவ. சாப்பிடக்கூட உக்கார மாட்டேங்காவ சார்."

"ஹீட் அதிகமானா தனியா ஒரு கட்-ஆஃப் இருக்குதுங்களே."

"இருக்கு. அது முப்பத்தொம்பதுக்கு மேலதான் விழும். ஒரு கிலோ பிள்ளைக்கு முப்பத்தொம்பதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா?"

பார்க்கிறேன் என்றேன். வைக்கும்போது நன்றி சார் என்றார். நன்றி சொல்லாமல் வைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 11, புதன்
138/88

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 12, வியாழன்
138/88

நல்ல முன்னேற்றம். உப்பைக் குறைத்ததுதான் காரணமாக இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி
138/88

எல்லோரும் படிக்கிற மடல் குழுவில் ஜெபசீலி ஒரு கேள்வி போட்டிருக்கிறார். "நான் நீக்குகிற மூன்று வரிகளும் எதற்காக எழுதப்பட்டன என்று யாராவது சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருந்து, நான் நீக்குவதால் வேறு எங்காவது பிரச்சினை வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்."

எவ்வளவு மரியாதையான கேள்வி. எங்கள் வேலையில் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் பெயரும் தேதியும் பதிவாகி இருக்கும். ஒரே கட்டளையில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அவர் முதல் நாளே பார்த்திருப்பார். டேப்பை மாற்றச் சொன்னபோதும், வாக்கியத்தை முடிக்கச் சொன்னபோதும், மூன்றாகப் பிரிக்கச் சொன்னபோதும் அவருக்கு அந்தப் பெயர் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில் போடவில்லை.

ஜூன் 14, சனி
162/101

இந்த எண் நிஜம். ரேணுகா பக்கத்தில் நின்று அளக்க வைத்தாள்.

பால் கணக்கு எழுத பேனா தேடி வந்தவள் டைரியைப் புரட்டிவிட்டாள்.

"ஏனுங்க, மூணு நாளா ஒரே நம்பர் எழுதி வெச்சிருக்கீங்க?"

"அப்படியே நிக்குது."

"மேல, கீழ ரெண்டு நம்பரும் அச்சு மாதிரி அப்படியேவா நிக்கும்? மிஷின் புதன்கிழமை நான் வெச்ச எடத்துலயே தூசியோட இருக்குது. நீங்க தொடவே இல்ல."

"மொத நாள் எடுத்ததுதான ரேணு. பெருசா என்ன மாறிடப் போகுது?"

"அப்ப மிஷின் எதுக்குங்க?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை போன் வந்தபிறகு அளக்கப் பயமாக இருந்தது. பெரிய எண் வந்தால் டாக்டர் கேள்வி கேட்பார். அதனால் அளக்காமலே பார்க்க நன்றாக இருந்த பழைய எண் ஒன்றை எழுதினேன். மறுநாள் அதையே எழுதினேன். அதற்கு மறுநாளும். என் டிரைவர் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருப்பதும் இதுதான்.

என் டிரைவர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். அந்த மூன்று வரிகளை எழுதிய யாரோ நான்தான்.

ஆறு வருடம் முன்பு, முதல் பெரிய ஆர்டருக்கான செயல்விளக்கம். மறுநாள் அதிகாரிகள் வரப்போகிறார்கள். திரையில் அவ்வப்போது எண் போய் இரண்டு கோடு விழுந்தது. எம்.டி. பார்த்துவிட்டு, "என்ன தாமு இது, கோடு கோடா வருது? நாளைக்கு இப்படி வரக்கூடாது" என்றார். கோடு எதனால் வருகிறது என்று தேட நேரமில்லை. வராமல் செய்ய பத்து நிமிடம் போதும். மூன்று வரி எழுதி, மேலே "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பும் போட்டேன். செயல்விளக்கம் பிரமாதமாக நடந்தது. எல்லோரும் கை கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து நிரலைச் சுத்தம் செய்தபோது அந்த வரிகளை விட்டுவிட்டு, தற்காலிகம் என்ற வார்த்தையை மட்டும் அழித்தேன். அதுவும் என் பெயரில்தான் பதிவாகி இருக்கிறது.

புதன், வியாழன், வெள்ளி எண்களை அடித்துவிட்டு, பக்கத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்
144/90

ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக மூன்று பேட்சுக்கும் ஒப்புதல் கொடுத்தேன். "படித்துப் பார்த்தவர்: தாமோதரன்" என்ற வரி விழுந்தது. முப்பதாம் தேதி போகிற பெட்டிகளைப் பற்றி எம்.டி.யிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். தும்பிக்குள் எது போகலாம் என்பது என் முடிவு.

ஜெபசீலியிடமிருந்து அரை மணியில் பதில்: "மிக்க நன்றி சார். நாளை காலை முதல் ஆளாகப் போய் ஏற்றிவிடுகிறேன்."

சர்வீஸ் லேப்டாப் அவரிடம் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தபோது நாங்களே கொடுத்தது. ஆறு பெட்டியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும்.

மனசு லேசாகிவிட்டது. ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்
காலையில் அளக்கவில்லை. அளக்க நேரமில்லை.

சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. டிரைவர் இனிமேல் "பிழை" என்று சொல்லும். சரி, யாரிடம் சொல்லும்?

ஹீட்டரை எரிய விடலாமா அணைக்கலாமா என்று முடிவு செய்கிற கட்டுப்பாட்டு நிரல் தும்பியில் இல்லை. அது எங்கள் கம்பெனிக்குச் சொந்தமானது, வெளியில் யாரும் பார்க்க முடியாது. அதை எழுதிய ஆட்கள் எல்லோரும் என் டிரைவர் ஒருநாளும் பிழை சொல்லாது என்று பழகியவர்கள். ஆறு வருடமாகப் பிழையே சொல்லாத ஒன்றிடம், பிழையா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டு லேப்டாப்பிலேயே திறந்தேன். கோடு போடுகிற பழைய திரைப் பகுதி மட்டும் பிழையா என்று கேட்கிறது. ஹீட்டர் பகுதி கேட்கவில்லை. டிரைவர் எதைத் தருகிறதோ அதை அப்படியே வெப்பநிலையாக எடுத்துக்கொள்கிறது. கம்பி மாட்டிக்கொண்டால் தும்பி தருகிற பிழை எண் மைனஸ் ஐந்து. கட்டுப்பாட்டு நிரலுக்கு அது பெட்டிக்குள் பனி கொட்டுகிறது என்று அர்த்தம். ஹீட்டரை முழு வேகத்தில் போடும். பழைய நிரலாவது அதுவரை எரிந்த அளவிலேயே எரிந்துகொண்டிருந்தது.

ஜெபசீலியின் பேட்சில் ஒரு தப்பும் இல்லை. அதை ஏற்றினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிய வழியும் இல்லை. ஊரில் அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். இரண்டு வாரம் அந்தப் பேட்சைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு என் மனசு லேசாக வேண்டும் என்று, படிக்காமலே படித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

மணி 8.10. போன் அடித்தேன். முழுதாக அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். ஆஸ்பத்திரி பொது நம்பரைத் தேடி எடுத்தேன். "அவ்வ குழந்தை வார்டுல இருக்காவ, அங்க போனை உள்ள கொண்டு போகக்கூடாது" என்றது ஒரு குரல். அவசரம், ஓடிப்போய்ச் சொல்லுங்கள், எதையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "எதை ஏத்த வேண்டாம்? மாடிக்கா?" என்றது. பேட்ச் என்றேன். அந்த ஆளுக்கு என்ன தெரியும், பாவம். லைன் துண்டாகிவிட்டது.

ரேணுகா பாங்குக்குப் புறப்பட்டவள் பையோடு நின்றுவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "நீங்க அடிச்சுட்டே இருங்க" என்று மட்டும் சொன்னாள். அவளும் தன் போனில் பொது நம்பருக்கு அடித்தாள். பதினோரு தடவை அடித்திருக்கிறேன், போனில் கணக்கு இருக்கிறது. ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தால் பெட்டி முப்பத்தொன்பதைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். சோதித்துப் பார்த்தவனே நான்தான். தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாற்பது நிமிடம் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும்.

8.52க்கு அவரே கூப்பிட்டார்.

"சார், இத்தனை கால் இருக்கு! என்ன ஆச்சு?"

"ஏத்திட்டீங்களா?"

"ஒண்ணுல ஏத்திட்டேன். மூணாம் நம்பர்ல."

ரேணுகா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல குழந்தை..."

"குழந்தையா? உள்ள தண்ணி பாட்டில்லா இருக்கு. வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் போட்டு வச்சிருக்கேன். சக்ஷன் மிஷினைப் பக்கத்துல ஆன் பண்ணுனா கம்பி மாட்டிக்கிடும், அது எனக்குத் தெரியும். பண்ணுனேன். கோடு விழுந்துச்சு, சந்தோசப்பட்டேன். பாத்தா தெர்மாமீட்டர் குடுகுடுன்னு ஏறுது. பிளக்கைப் பிடுங்கிட்டேன். அதைக் கேக்கத்தான் நானும் உங்களுக்கு அடிக்க வந்தேன்."

"நான் ஒப்புதல் கொடுத்தப்புறமும் பாட்டில் வெச்சா பாத்தீங்க?"

"பின்ன? பிள்ளைய வச்சா பாப்பேன்?"

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் படிக்கிற நோட்டு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் அளந்தேன்: 158/98.

ஜூன் 18, புதன்
154/96

கட்டுப்பாட்டு நிரலில் திருத்தம் எழுதினேன். டிரைவர் பிழை என்று சொன்னால் ஹீட்டர் அணைய வேண்டும், அலாரம் கத்த வேண்டும், திரையில் கோடு விழ வேண்டும். இருபத்திரண்டு வரி. நானே நாலு தடவை சோதித்தேன், ஐந்தாவது தடவை ஜெபசீலி தண்ணீர் பாட்டிலோடு சோதித்தார். பாட்டில் சூடாகவில்லை. அதற்குப் பிறகுதான் அங்குள்ள ஆறு பெட்டியிலும் இரண்டும் ஒன்றாக ஏறின.

பிறகு மடல் குழுவில் அவருடைய கேள்விக்குப் பதில் போட்டேன். அந்த மூன்று வரிகளை எழுதியது நான், காரணம் ஒரு செயல்விளக்கத்தில் திரை அழகாக இருக்க வேண்டும் என்பது, இவற்றை நீக்குவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை ஒப்புதலை நான் படிக்காமல் கொடுத்தேன். இந்த நான்கையும் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அதைக் கடைசியாகச் சேர்த்தேன்.

இரண்டு வருடம் முன்பு இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புகார் வந்தது. "எண் மாறவே இல்லை" என்று ஒரே வரி. நான்தான் பார்த்தேன். "இங்கே மீண்டும் நிகழவில்லை. அணைத்துப் போடவும்" என்று எழுதி மூடினேன். எதனால் என்று அன்றைக்கே எனக்குப் பாதி தெரியும். பெட்டிக்குள் அப்போது குழந்தை இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இன்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். புகார் எழுதிய சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிவேடு பழசாகிவிட்டதாம். குழந்தைக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நல்லபடியாக இருக்கும் என்று எழுதலாம்தான், கை வரவில்லை.

ஜூன் 19, வியாழன்
151/94

எம்.டி. அறை.

"நானூத்திப் பன்னெண்டு பெட்டி வெளிய இருக்குது தாமு. அத்தனைக்கும் லெட்டர் போடோணும்ங்கறீங்களா?"

"ஆமாங்க. புது நிரல் ஏத்தற வரைக்கும் எண்ணை நம்பாம தொட்டுப் பாக்கச் சொல்லோணும். அறுபது பெட்டியும் நிக்கோணும்."

"நம்ம பேரு என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"அதை யோசிச்சுத்தாங்க ரெண்டு வாரம் ஓடிப்போச்சு."

"கொஞ்சம் பொறுங்க. வக்கீலைக் கேட்டு..."

"நேத்தே மடல் குழுவுல போட்டுட்டேங்க. எல்லாரும் படிச்சிருப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கோடு வரக்கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னது நானா?"

"ஆமாங்க. எப்படி வராமச் செய்யறதுன்னு முடிவு பண்ணுனது நான்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு லெட்டரை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 24, செவ்வாய்
144/90

லெட்டர்கள் போய்விட்டன. பஸ் பகுதிக்கு இனிமேல் நான் பொறுப்பாளர் இல்லை. இதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எழுதலாம், ஆனால் நான் கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிவாகிவிட்டது. வலிக்கிறது. ஒன்பது வருடம். கான்டீனில் என்னோடு உட்காருகிறவர்களில் இரண்டு பேர் வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள்.

புது ஆட்களோடு நானும் சர்வீஸுக்குப் போகிறேன். கோவையைச் சுற்றி முப்பத்தொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் தண்ணீர் பாட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

ஜெபசீலியின் பேட்ச் தும்பியின் வரலாற்றில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். எழுதியவர்: ஜெபசீலி. அதன் கீழே, பிழையைக் கண்டவர் பெயர் போடுகிற வரி ஒன்று உண்டு. பெரும்பாலும் காலியாக விட்டுவிடுவோம். அதில், "கண்டவர்: சிஸ்டர் அமலோற்பவம், கை வைத்துப் பார்த்து" என்று இருந்தது. முதல் பதிப்பிலிருந்தே அந்த வரி இருந்திருக்கிறது. டேப்புகளைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு
140/88

ஊறுகாய் ஊறிவிட்டது. எனக்கு ஒரு துண்டு மட்டும்.

ஜூலை 3, வியாழன்
-- / --

மிஷினில் பாட்டரி தீர்ந்துவிட்டது. கடை திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஜெபசீலி கூப்பிட்டார். பின்னால் அலாரம் எங்கோ கத்தி நின்றது.

"சார், காலைல மூணாம் நம்பர்ல கோடு விழுந்துட்டு. ஒம்பது துடிப்புக்கும் விடல. சென்சார் கம்பியோட பிளக் இருக்குல்லா, அது தேஞ்சு போயிருக்கு. மாத்தணும்."

"உள்ள?"

"பிள்ளை இருந்துச்சு. தொள்ளாயிரம் கிராம். கத்துன உடனே சிஸ்டர் எடுத்து நாலாம் நம்பர்ல வச்சுட்டாவ. தூங்குது சார்."

எந்த அளவு பிளக் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு புது பிளக் இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன் என்றேன்.

பதினோரு மணிக்கு டாக்டர். நோட்டை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்தார். அடித்து எழுதிய மூன்று நாட்களில் கொஞ்சம் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஏன் கோடு போட்டிருக்கீங்க?"

"இன்னைக்கு எண் தெரியலீங்க டாக்டர்."

"சரி, இப்பப் பாத்துரலாம்" என்று பட்டையை எடுத்தார். சட்டைக் கையை மடித்து நீட்டினேன்.